களிம்பேறிய காந்தப் பொடி



"இதையெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு, பெற்றோரும் கேட்பதுண்டு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை நிரை நிரையாகப் பால் வெட்டி, அந்தக் கூலியில் புத்தகமும் சீருடையும் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்க முழு உரிமையும் உண்டு. இன்றைய பேச்சில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாற்றைப் பதிலாக வைக்க விரும்புகிறேன்.

இது ஒரு வகைப் பொருளின் வரலாறு. அந்தப் பொருளின் தன்மையைக் கண்டறிந்த விஞ்ஞானியே, நோபல் பரிசு பெற்ற மேடையில் நின்று, அறிவுக்கு அது விருந்தாக இருந்தாலும் அதனால் நடைமுறைப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பேசினார். அது நடந்தது 1970ஆம் ஆண்டில். அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் முடிவதற்குள், உலகத்தின் கணக்குகளையும் கடிதங்களையும் படங்களையும் காத்து வைக்கும் கருவிகளுக்குள் அந்தப் பொருள் இன்றியமையாததாகிவிட்டது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

காந்தம் நமக்குப் புதிய பொருளன்று. வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் வட்டமாக ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். சைக்கிள் சக்கரத்தில் உரசிச் சுழன்று விளக்கெரித்த டைனமோவுக்குள்ளும் காந்தம் உண்டு. பாட்டுப் பதிந்த ஒலிநாடாவின் பழுப்பு நிறப் பூச்சு முழுவதும் காந்தப் பொடிதான்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசை வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அனைவரும் தண்டலை நோக்கி முகம் வைத்து நின்றால் கூட்டத்துக்கு ஒரே முகம் என்று சொல்லலாம். அணுக்களும் அவ்வாறு ஒரே பக்கம் திரும்பி நின்றால் அவற்றின் சிறு சிறு வலிமைகள் ஒன்றுசேர்ந்து, ஆணியைத் தூக்கும் காந்தமாகின்றன. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்று உலோகங்களும் இந்தக் குணம் உடையவை. அறிவியலில் இவற்றை ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் என்பார்கள். நாம் நம் வசதிக்கு 'ஒருமுகக் காந்தம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் சாதாரண ஆணி ஏன் இன்னோர் ஆணியைத் தூக்குவதில்லை? 1907ஆம் ஆண்டில் பியேர் வெய்ஸ் என்ற அறிஞர் இதற்கு விடை சொன்னார். இரும்புக்குள் அணுக்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் எல்லாருக்கும் ஒரே முகம். ஆனால் ஒரு கூட்டம் கிழக்கே பார்த்தால் அடுத்தது வடக்கே பார்க்கிறது. மொத்தத்தில் ஒன்றையொன்று கழித்து விடுகின்றன. வெளியிலிருந்து ஒரு வலிய காந்தத்தைக் காட்டினால்தான் எல்லாக் கூட்டங்களும் ஒரு பக்கம் திரும்புகின்றன.

அணுக்கள் தம்முள் ஏன் இப்படி ஒத்துப் போகின்றன என்பதை 1928இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஹைசன்பர்க் விளக்கினார். அடுத்தடுத்த அணுக்களின் எலெக்ட்ரான்களுக்கு இடையே 'பரிமாற்ற விசை' ஒன்று இருக்கிறது என்றார். இந்த விசை மிக வலியது. ஆனால் அது எட்டும் தூரம் மிகக் குறைவு. தோளோடு தோள் உரசி நிற்கும் அணுக்களையே அது பிணைக்கும். சற்றுத் தள்ளி நிற்பவற்றை எட்டாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியமாக வரப் போகிறது.

இனி, நம் கதைக்குரியவரிடம் வருவோம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி நீல். ஸ்டிராஸ்பர்க் நகரில் வெய்ஸின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். 1930களில் அவர் ஒரு புதிய எண்ணத்தை வெளியிட்டார். பக்கத்து அணுக்கள் ஒரே முகமாக நிற்பதற்குப் பதிலாக, ஒன்று கிழக்கே பார்த்தால் அடுத்தது மேற்கே பார்க்கும்படி நிற்கக்கூடிய பொருள்களும் உண்டு என்றார். பெரட்டில் முதல் வரிசை தண்டலைப் பார்க்க, இரண்டாம் வரிசை முதுகைக் காட்ட, மூன்றாம் வரிசை மறுபடி தண்டலைப் பார்க்க நின்றால் எப்படியோ அப்படி. உள்ளே கட்டுப்பாடான ஒழுங்கு இருக்கிறது. ஆனால் வெளியே காந்த வலிமை துளியும் தெரியாது. ஒரு குண்டூசியைக்கூட அது இழுக்காது. எதிர் ஃபெர்ரோ காந்தம் என்பது இதன் பெயர். நாம் 'எதிர்முகக் காந்தம்' என்போம். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். அந்த வெப்பநிலைக்கு இன்றும் 'நீல் வெப்பநிலை' என்றே பெயர்.

வெளியே தெரியாத ஒழுங்கை எப்படி நிரூபிப்பது? அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கிளிஃபோர்ட் ஷல், சாமுவேல் ஸ்மார்ட் என்ற இருவர் மாங்கனீசு ஆக்சைடு என்ற பொருளின்மீது நியூட்ரான் துகள்களைப் பாய்ச்சினார்கள். நியூட்ரானும் ஒரு நுண்ணிய காந்தமே. ஆகவே, அது அணுக்களின் முகம் எந்தப் பக்கம் என்பதை அறிந்து சிதறும். சிதறிய விதத்தைக் கணக்கிட்டபோது, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக நிற்பது தெளிவாகத் தெரிந்தது. நீல் சொன்னது உண்மையாயிற்று.

நீல் வெறும் ஏட்டு விஞ்ஞானி அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர் கடலில் காந்தக் கண்ணிவெடிகளை வைத்தனர். எஃகுக் கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் வெடிகள் அவை. கப்பலின் காந்தத்தை ஈடுசெய்து மறைக்கும் முறையைப் பிரெஞ்சுக் கடற்படைக்கு வகுத்துக் கொடுத்தவர் நீல். 1948இல் அவர் வெளியிட்ட வேறொரு கொள்கை, 'ஃபெரைட்' என்ற காந்தப் பொருளின் இயல்பை விளக்கியது. பல வானொலிப் பெட்டிகளுக்குள் கம்பி சுற்றிய கறுப்புக் கோல் ஒன்று அலைவாங்கியாக இருக்குமே, அது ஃபெரைட்டினால் செய்ததுதான். எனவே, எது பயன்படும், எது பயன்படாது என்று சொல்ல அவரைவிடத் தகுதி பெற்றவர் இல்லை எனலாம். 1970இல் நோபல் பரிசு பெற்ற அவரே எதிர்முகக் காந்தத்தின் பயனைக் காணவில்லை என்றால், மற்றவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் பயனுக்கான விதை அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே விழுந்திருந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி என்றோர் ஊர். அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. மிக நுண்ணிய உலோகப் பொடியைக் கொண்டு நல்ல நிலைக்காந்தம் செய்யும் ஆராய்ச்சி அங்கே நடந்து வந்தது. வில்லியம் மைக்கல்ஜான், சார்ல்ஸ் பீன் என்ற இருவர் கோபால்ட் பொடியை ஆராய்ந்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றைவிடவும் சிறிய மணிகள் அவை. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல, அந்த மணிகளின் மேலும் காற்றுப் பட்டு ஓர் ஆக்சைடு படலம் படிந்திருந்தது. உள்ளே கோபால்ட், அது ஒருமுகக் காந்தம். மேலே கோபால்ட் ஆக்சைடு. அது எதிர்முகக் காந்தம். இரண்டும் தோளோடு தோள் உரசி நின்றன.

இந்தப் பொடியை அவர்கள் வலிய காந்தப் புலத்தில் வைத்துக்கொண்டே திரவ நைட்ரஜனால் குளிர்வித்தார்கள். அதன் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை. பிறகு பொடியின் காந்தத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்கள். அப்போது வியப்பான ஒரு செய்தி தெரிந்தது.

அது என்ன என்பதை ஒரு கதவை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பழைய, இறுகிப்போன கதவு ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கவும் பலமாகத் தள்ள வேண்டும். மூடவும் அதே அளவு பலமாகத் தள்ள வேண்டும். சாதாரணக் காந்தத்தின் குணம் இதுதான். வலப்பக்கம் திருப்ப எவ்வளவு புலம் தேவையோ, இடப்பக்கம் திருப்பவும் அவ்வளவே தேவை. இதனை 'காந்தத் தயக்கம்' என்பார்கள். இப்போது அதே கதவில் ஒரு ஸ்பிரிங் மாட்டிவிடுங்கள். திறப்பது முன்னைவிடக் கடினம்; ஆனால் கையை எடுத்தால் தானாகவே மூடிக்கொள்ளும். களிம்பேறிய கோபால்ட் பொடி ஸ்பிரிங் மாட்டிய கதவைப்போல நடந்துகொண்டது. குளிர்வித்தபோது எந்தப் பக்கம் புலம் இருந்ததோ, அந்தப் பக்கத்தையே அது விரும்பியது. எதிர்ப்பக்கம் திருப்ப அதிகப் புலம் வேண்டியிருந்தது. பழைய பக்கத்துக்குத் திரும்ப அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

இதற்கு முன்பு அறியப்பட்ட காந்தங்களுக்கு வசதியான இருக்கைகள் எப்போதும் இணையாகவே இருந்தன. வடக்கு வசதி என்றால் தெற்கும் அதே அளவு வசதி. இந்தப் பொடிக்கோ ஒரே ஒரு திசைதான் வசதியாக இருந்தது. 1956ஆம் ஆண்டில் மைக்கல்ஜானும் பீனும் இதனை வெளியிட்டார்கள். ஆக்சைடு படலத்துக்கும் உலோகத்துக்கும் இடையே, அவை தொட்டுக்கொள்ளும் எல்லையில், பரிமாற்ற விசை வேலை செய்கிறது என்று அவர்கள் காரணமும் சொன்னார்கள். இந்த விளைவுக்குப் 'பரிமாற்றச் சார்பு' என்று பெயர்.

குளிர்விக்கும்போது உள்ளே நடப்பது என்ன? கோபால்ட் ஆக்சைடின் நீல் வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை. நம் ஊர் வெயிலில் அதன் அணுக்களுக்கு ஒழுங்கு கிடையாது. சந்தைக் கூட்டம்போலத் திசைக்கொன்றாக நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கோபால்ட்டை வெளிப் புலத்தால் ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குளிர்விக்கிறோம். ஆக்சைடு அணுக்கள் வரிசை கட்டத் தொடங்குகின்றன. எல்லையில் இருப்பவை தம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோபால்ட் அணுக்களைப் பார்த்து, அவற்றுக்கு இசைவாக நின்றுவிடுகின்றன. அவற்றைப் பார்த்து அடுத்த வரிசை எதிராக நிற்கிறது; அடுத்தது அதற்கு எதிராக. தொட்டியில் ஊற்றிய பால் திராவகம் பட்டதும் தொட்டியின் வடிவத்திலேயே கட்டியாகி விடுவதுபோல, அந்த ஒழுங்கு அப்படியே உறைந்துவிடுகிறது.

உறைந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. முன்பு கோபால்ட் சொன்னபடி ஆக்சைடு நின்றது. இப்போது கோபால்ட்டைத் திருப்ப முயன்றால், ஆக்சைடு அதைப் பிடித்து இழுக்கிறது. எதிர்முகக் காந்தத்துக்கு வெளியே முகம் இல்லை. ஆகவே, வெளியிலிருந்து எவ்வளவு காந்தம் காட்டினாலும் அது எளிதில் அசைவதில்லை. தன்னை எவரும் அசைக்க முடியாதபடி நிற்கும் அதுவே, பக்கத்தில் இருப்பவனையும் அசையாமல் காக்கிறது.

இதே 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மறுகோடியில் கலிபோர்னியா மாநிலத்தில் இன்னொரு செய்தி வெளியாயிற்று. சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார், காந்தத் தட்டுகளில் செய்திகளைப் பதிந்துவைக்கும் கருவியைச் செப்டம்பர் மாதத்தில் அறிமுகப்படுத்தினார்கள். 'ராமாக்' என்ற அந்தக் கணினியில், 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் ஐம்பது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது மொத்தம் 5 மில்லியன் எழுத்துகள்தாம். இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஆனாலும் ஒன்றுக்கு மற்றொன்று எப்போதாவது தேவைப்படும் என்பது அப்போது எவருக்கும் தெரியவில்லை.

காந்தத் தட்டில் எழுதுவது என்றால் என்ன? தட்டின்மேல் பூசிய காந்தப் படலத்தில் சிறு சிறு புள்ளிகளை வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ திருப்பிவைப்பதுதான். அதைப் படிக்க ஒரு தலை வேண்டும். தொடக்கத்தில் அந்தத் தலை ஒரு கம்பிச் சுருள். புள்ளி கீழே ஓடும்போது சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கும். காலம் செல்லச் செல்ல, ஒரே தட்டில் மேலும் மேலும் எழுத விரும்பினார்கள். புள்ளிகள் சிறுத்தன. புள்ளி சிறுத்தால் அதன் குரலும் சிறுத்துவிடும். கம்பிச் சுருளுக்கு அந்த முணுமுணுப்புக் கேட்காத நிலை வந்தது.

கூர்மையான காது ஒன்று தேவைப்பட்டது. அதற்கான குறிப்பு நூறாண்டுக்கு முந்திய ஏட்டில் கிடந்தது. 1857இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் தாம்சன் என்ற அறிஞர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், இரும்பைக் காந்தமாக்கும்போது அதன் மின்தடை சிறிதளவு மாறுகிறது என்பதைக் கண்டு எழுதியிருந்தார். மிக மெல்லிய காந்தப் படலத்தில் மின்சாரத்தை ஓட்டி, அதன் தடை கூடிக் குறைவதை அளந்தால், கீழே ஓடும் புள்ளியின் முகத்தை அறியலாம்.

இதிலும் ஒரு தொல்லை. படலத்துக்குள் இருக்கும் அணுக் கூட்டங்கள் திடீர் திடீரென்று தாவித் திரும்பின. அதனால் இரைச்சல் உண்டாயிற்று. ஜெர்மானியர் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் 1919இல் இந்த இரைச்சலைக் காதாலேயே கேட்டிருக்கிறார். இரும்பைச் சுற்றிய கம்பிச் சுருளின் மின்னோட்டத்தைப் பெருக்கிக் கேட்டபோது, காய்ந்த சருகை மிதிப்பது போன்ற ஓசை வந்தது. படிக்கும் தலையில் அந்த ஓசை வந்தால் எழுத்துக் குழம்பிவிடும் அன்றோ?

அந்தக் கூட்டங்களைக் கட்டுக்குள் வைக்க வழி தேடியபோதுதான் களிம்பேறிய கோபால்ட் நினைவுக்கு வந்தது. 1978ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளர்களான ஹெம்ஸ்டெட், கிராங்கெல்ப், தாம்சன் ஆகிய மூவர், நிக்கலும் இரும்பும் கலந்த படலத்தின்மேல் இரும்பும் மாங்கனீசும் கலந்த இன்னொரு படலத்தைப் படியவைத்தார்கள். முதலாவது ஒருமுகக் காந்தம். இரண்டாவது எதிர்முகக் காந்தம். கோபால்ட் ஆக்சைடு அறையின் சூட்டிலேயே பிடியை விட்டுவிடும். இந்தப் புதிய கலவையோ ஏறக்குறைய 150 பாகை வரை பிடியை விடவில்லை. ஆய்வுக்கூடக் குளிரில் மட்டும் வாழ்ந்த விளைவு, சாதாரணச் சூட்டில் வேலை செய்யக் கற்றுக்கொண்டது எனலாம்.

கதையின் உச்சம் அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது. 1988இல் பிரான்சில் ஆல்பெர் ஃபெர்ட்டின் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கின் குழுவும் தனித்தனியே ஒரே செய்தியைக் கண்டறிந்தன. இரும்புப் படலங்களுக்கு இடையே குரோமியப் படலத்தை வைத்து அடுக்கினார்கள். இரும்புப் படலங்கள் எதிரெதிர் முகமாக இருந்தால் மின்சாரம் திணறிச் செல்கிறது. ஒரே முகமானால் எளிதாகச் செல்கிறது. ஃபெர்ட் குழுவின் சோதனையில், மிகக் கடுங்குளிரில், மின்தடை பாதிக்குப் பாதி அளவு குறைந்தது. கெல்வின் கண்ட சிறு மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். இதற்காக இருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த அடுக்கைத் திருப்ப மிக வலிய புலம் வேண்டும். தட்டில் உள்ள சிறு புள்ளிக்கு அந்த வலிமை ஏது?

ஒரு நல்ல தலைக்கு இரண்டு காந்தப் படலங்கள் வேண்டும், நடுவே செம்பு. அவற்றுள் ஒன்று, கீழே ஓடும் புள்ளியின் சிறு குரலுக்கும் திரும்ப வேண்டும். மற்றொன்று எதற்கும் அசையாமல், அளவுகோல்போல நிற்க வேண்டும். இரண்டும் ஒரே உலோகக் கலவை. ஒன்றை மட்டும் எப்படி நிறுத்தி வைப்பது? விடை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நிற்க வேண்டிய படலத்தின்மேல் எதிர்முகக் காந்தத்தைப் படியவைத்தால் போதும். 1991ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பெர்னார்ட் டியேனி, வர்ஜில் ஸ்பெரியோசு, ஸ்டூவர்ட் பார்க்கின் ஆகியோரும் அவர்களின் துணைவர்களும் இதனைச் செய்து வெளியிட்டார்கள். தண்ணீர்க் குழாயின் வால்வு திறந்து மூடுவதுபோல மின்சாரத்தை விட்டுத் தடுப்பதால், 'சுழற்சி வால்வு' என்ற பெயர் அதற்கு அமைந்தது. அதன் ஒவ்வொரு படலமும் ஒரு தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய தலையுடன் கூடிய வட்டு நினைவகம் விற்பனைக்கு வந்தது. அதன் கொள்ளளவு 16.8 பில்லியன் எழுத்துகள். 1956இன் கருவியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 புள்ளிகள் எழுத முடிந்தது. 1997இல் அது 2,500 மில்லியனைத் தாண்டியது. அதன் பின்னர் வந்த தலைகளில் செம்புக்குப் பதிலாக மெல்லிய காப்புப் படலம் இடம்பெற்றது. பிடித்து நிறுத்தும் வேலைக்கு இரிடியமும் மாங்கனீசும் கலந்த கலவை வந்தது. ஒரு சதுர அங்குலத்தில் ஒரு மில்லியன் மில்லியன் புள்ளிகளும் எழுதலாயின. இவ்வளவு மாறியும், ஒன்றைப் பிடித்து நிறுத்த மற்றொன்றை ஒட்டவைக்கும் முறை மட்டும் மாறவில்லை. தொழிற்சாலையில் அந்தப் படலங்களைச் சூடாக்கி, காந்தப் புலத்தில் வைத்துக் குளிர்விக்கிறார்கள். ஷெனெக்டடியில் செய்த அதே காரியந்தான்.

இந்தத் தொழில் நமக்கு எட்டாத தொலைவில் நடந்ததென்று எண்ண வேண்டாம். 1982இல் சீகேட் நிறுவனம் சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிங்கப்பூர் வட்டு நினைவக உற்பத்தியில் உலகின் முன்னணியில் நின்றது. பினாங்கிலும் இத்தொழில் வேரூன்றியது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில், முகமூடியும் வெள்ளை அங்கியும் அணிந்து, முறை மாற்றி இரவு பகலாக வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் இடுக்கியால் தொட்டெடுத்த சிறு துண்டுக்குள் என்ன இருந்தது என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அந்த வேலையின் பெருமையும் சற்றுக் கூடியிருக்கும்.

இன்று நம் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் நினைவகம் வேறு வகை; அது காந்தத்தால் ஆனதன்று. ஆனால் அந்தத் தொலைபேசியிலிருந்து நாம் அனுப்பும் படங்களும் காணொளிகளும் தொலைவில் உள்ள பெரிய சேமிப்பு நிலையங்களில் போய்த் தங்குகின்றன. அங்கே வரிசை வரிசையாகச் சுழல்பவை பெரும்பாலும் காந்தத் தட்டுகளே. கார் சக்கரம் சுழலும் வேகத்தை அறியும் உணர்விகளிலும் இதே படலங்கள் பயன்படுகின்றன.

இத்தனை பயன் வந்த பிறகாவது இதன் மர்மம் முழுவதும் தீர்ந்ததா? அதுதான் இல்லை. எல்லையில் உள்ள எல்லா அணுக்களும் ஒன்றுசேர்ந்து பிடிப்பதாக வைத்துக் கணக்கிட்டால், அளந்து பார்த்ததைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமை வருகிறது. ஏன் இந்த வேறுபாடு? 1987இல் மௌரி என்பவரும் மலோசெமாஃப் என்பவரும் இருவேறு விளக்கங்கள் தந்தார்கள். எதிர்முகக் காந்தத்தின் உள்ளே முறுக்கு ஏறுகிறது என்றார் முன்னவர். எல்லை கண்ணாடிபோல வழவழப்பாக இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஆகவே, ஓரிடத்தின் இழுப்பை மற்றோர் இடம் கழித்துவிடுகிறது என்றார் பின்னவர். 2003இல் எக்ஸ் கதிரைக் கொண்டு எல்லையையே நேரில் ஆராய்ந்தார்கள். அங்கே அசையாமல் பிடித்து நிற்பவை ஓர் அணு வரிசையில் 4 விழுக்காடு அளவுதான் என்று தெரிந்தது. நூறு பேர் நிற்கும் வரிசையில் நான்கே பேர் காலை ஊன்றி நின்று, பக்கத்து வரிசை முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! அந்த நான்கு பேர் எவர், அவர்கள் மட்டும் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

லூயி நீல் 2000ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். பயன் எதுவும் தெரியவில்லை என்று அவர் கூறிய அதே பொருள், அதற்குள் மில்லியன் கணக்கான கருவிகளில் இடம்பெற்றிருந்தது. அவர் கூறியது அன்றைய நிலையில் உண்மையே. நாளை வருவதை எவரால் சொல்ல முடியும்?

நம் வாழ்வோடு பிணைந்த பால்மரத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டு, தோட்டக்காரர்களிடம் இதை நடுங்கள் என்று மன்றாடிய காலத்தில், காப்பியே போதும் என்று பலர் அவரைக் கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து தோட்டம் போட்ட பிறகே நிலைமை மாறியது. பால்மரம் நட்டால் ஐந்தாறு ஆண்டு பொறுக்க வேண்டும். அறிவு என்னும் மரத்துக்கு அதைவிடக் கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது. கோபால்ட் பொடிக்கு அது நாற்பத்தொரு ஆண்டு.

எனவே, பெற்றோர்களே, பிள்ளை காந்தத்தைப் பற்றியோ, இலையின் நரம்பைப் பற்றியோ, வானத்து மீனைப் பற்றியோ ஆர்வத்தோடு கேட்டால், "அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, பழைய ஒலிபெருக்கியின் காந்தம் கிடைத்தால் அதன் அருகே ஆணி, செம்புக் காசு, அலுமினியக் கரண்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று குறிப்பெடுத்துப் பாருங்கள். ஒட்டாத பொருளைப் பயனற்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.